வயிற்றின் நாட்காட்டி

நிவாரண அட்டையை நம்மில் பலர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம். குடும்பத் தலைவரின் பெயர், உறுப்பினர் தொகை, கிராம சேவகரின் கையொப்பம், அதற்கு நேரே அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். போர், கடல்கோள், மீண்டும் போர் என்று மாறி மாறி வந்த ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டத்தின் பல்லாயிரம் பேருக்குக் காணிக்கும் வீட்டுக்கும் பதிலாக எஞ்சிய உடைமை இந்த அட்டைதான். அதைப் பிடித்தபடி வரிசையில் நிற்கிறவள் ஏழு மாத வயிற்றோடு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் கண்ணுக்கு அவள் ஒருத்தி. அவளுக்குள் இருப்பவர் இன்னும் உறுப்பினர் தொகையில் சேரவில்லை. பிறந்து, பதிந்து, பெயர் பெற்ற பிறகுதான் சேருவார்.

இதை அட்டை எழுதியவரின் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. எண்ணுதல் என்ற செயலின் இயல்பே கண்முன் நிற்பவரை எண்ணுவது. உலகெங்கும் முகாம்களுக்கான உணவளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. கைக்குழந்தை, கிழவர், மண்வெட்டி பிடிப்பவர், பிள்ளைத்தாய்ச்சி எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து எடுத்த சராசரி அது. ஆகவே கணக்கில் அவளும் இருக்கிறாள் என்று வாதிடலாம். ஆனால் சராசரியை யாரும் உண்பதில்லை. குடும்பம் உண்கிறது, ஒரே சட்டியிலிருந்து, தலைமுறைகள் வகுத்த ஓர் ஒழுங்கின்படி. அந்த ஒழுங்கில் தாய் கடைசியாகத்தான் உட்காருவாள்.

ஆனாலும் எண்ணிக்கையில் விட்டுப்போன ஒருவரைச் சேர்த்துக்கொள்வதோடு இந்த விஷயம் முடிந்துவிடும் என்றால் அது எளிது. ஒரு நிரலை அட்டையில் கூடுதலாகப் போட்டால் போதும். கர்ப்பம் நம்மிடம் கேட்பது அதைவிடக் கடினமான ஒன்றை. அது உணவைக் கேட்கிறது என்று நினைக்கிறோம். அதைவிட ஆழமாக அது காலத்தைக் கேட்கிறது.

உடல் இதை எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று சற்றுக் கவனிப்போம். கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஃபோலிக் அமிலம் தாயின் உடலில் அப்போது இருந்தாக வேண்டும். நாள் தள்ளிப்போனதை அவள் நிச்சயமாக உணர்வதற்குள் அந்த வேலை நடந்து முடிந்துவிடும். அதாவது, அவள் கிளினிக்கில் பதிவதற்கு முந்திய மாதங்களில் உண்ட கீரையும் பயறும்தான் அந்த முதல் வேலையைச் செய்தவை. அடுத்து இரும்புச்சத்து. கர்ப்ப காலத்தில் தாயின் குருதி ஏறத்தாழ பாதியளவு பெருக வேண்டும். அதற்கும் குழந்தைக்குமாக மொத்தம் 1,000 மில்லிகிராம் அளவு இரும்பு தேவைப்படுகிறது. ஒரு நாளில் எவ்வளவு விழுங்கினாலும் உடல் அதில் சிறிதளவையே ஏற்கும். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் அந்தச் சிறிதையும் குறைத்துவிடும். இனி எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்று: தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பிறந்த குழந்தை தன் முதல் ஆறு மாதங்களைக் கருவறையில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பைச் செலவழித்தே கழிக்கிறது. பெரும்பகுதி சேர்ந்தது கடைசி மூன்று மாதங்களில். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் உண்ட மீனும் முருங்கையிலையும் பல மாதங்கள் கழித்து அவள் பிள்ளை குப்புற விழும்போது அதன் குருதியில் வேலை செய்துகொண்டிருக்கும்.

நிவாரணத்தின் காலம் வேறு. இன்று பசித்தவருக்கு இன்று கொடுப்பது நிவாரணம். அதன் பெருமையும் அதுதான், எல்லையும் அதுதான். வயிற்றின் நாட்காட்டியில் இன்று என்பது தனியாக இல்லை. நேற்றின் சேமிப்பாகவும் நாளையின் முன்பணமாகவுமே அது இருக்கிறது. இடம்பெயர்வு ஒரு பெண்ணிடமிருந்து வீட்டைப் பறிக்கிறது, வளவைப் பறிக்கிறது என்று நாம் பட்டியலிடுகிறோம். நாளை என்ற ஒன்றையும் சேர்த்தே பறிக்கிறது. அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

சம்பூரை நினைத்துப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவின் தெற்கே, திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கடலும் வயலும் மேய்ச்சல் தரையும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்த ஊர். பத்திரகாளி அம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். ஆனால் வேலியில் முருங்கை நின்றது, மாடு பால் தந்தது, கடல் மீன் தந்தது, பக்கத்து வளவில் மாமியோ பெரியம்மாவோ இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைப்பதும், பால் சுரக்கச் சுறா சமைத்துக் கொடுப்பதும் யாரும் எழுதி வைத்த திட்டமல்ல. ஊட்டச்சத்து நிபுணர் பார்த்தால் இவற்றில் சிலவற்றை ஏற்பார், சிலவற்றைத் திருத்துவார். பத்தியத்தின் பெயரால் பழத்தையும் கீரையையும் விலக்கிய வழக்கங்களும் நம்மிடம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரியோ பிழையோ, அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. மாடு நாளையும் கறக்கும், மரம் அடுத்த மாதமும் தளிர்க்கும், பெரியம்மா அங்கேயே இருப்பாள்.

2006 ஏப்ரல் இறுதியில் குண்டுகள் விழத் தொடங்கியபோது அந்த மக்கள் எழுந்து நடந்தார்கள். ஈச்சிலம்பற்று, வெருகல், அங்கிருந்து வாகரை. செப்டெம்பரில் சம்பூர் அரச படையினரிடம் வீழ்ந்தது. 2007 ஜனவரி நடுப்பகுதியில் வாகரையும் வீழ்ந்தது. அதற்குள் மக்கள் மட்டக்களப்பின் முகாம்களை நோக்கி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை என்பது ஏறத்தாழ ஒன்பது மாதம். முதல் குண்டு விழுந்த வாரத்தில் கருவுற்ற ஒரு பெண், வாகரை வீழ்ந்த வாரத்தில் பெற்றிருக்கக்கூடும். வரலாற்று ஆசிரியர்கள் அதைப் போர் நடவடிக்கையின் கட்டங்களாகப் பிரித்து எழுதுவார்கள். அந்த உடல் அதை மூன்று மூன்று மாதங்களாக எழுதியிருக்கும்: நரம்புக்குழாய் மூடிய மாதத்தில் ஓட்டம், குருதி பெருக வேண்டிய மாதங்களில் மரத்தடி, இரும்பு சேர வேண்டிய மாதங்களில் பாதை அடைபட்ட வாகரை.

2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது. ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு, முஸ்லிம் மக்கள் கந்தளாய் நோக்கிக் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் நிறைமாதப் பெண்கள் இருந்தார்கள். வயிறு எந்தத் தரப்பையும் சேர்ந்ததல்ல. ஆகஸ்ட் 4ஆம் தேதி, பட்டினிக்கு எதிராகச் செயற்படுவதையே தன் பெயராகக் கொண்ட பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் பிள்ளைகள் அவர்கள், இந்த மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிமும். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. பசித்தவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே நிற்கும் மனிதரைக் கொல்லும்போது அன்றைய நிவாரணம் நிற்பதோடு முடிவதில்லை. உதவி இனி வருமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2007இல் சம்பூர் மக்கள் மட்டக்களப்பிலிருந்து பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டார்கள், தங்கள் ஊருக்கல்ல, கிளிவெட்டிக்கு. ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தற்காலிகமாக என்று சொல்லி இருத்தப்பட்டவர்கள், 2015இலும் 2016இலும் காணிகள் விடப்படும் வரை அங்கேயே காலம் கழித்தார்கள். முகாமில் கருவாகி, முகாமில் பிறந்து, முகாமிலிருந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் உண்டு. தற்காலிகம் என்று சொன்ன ஒவ்வொரு மாதமும் ஒரு பெண்ணைத் தடுத்தது எதிலிருந்து என்று யோசித்தால் திகைப்பு வரும். முருங்கைக் கம்பை ஊன்றலாம்தான். ஆனால் அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாதவர் ஏன் ஊன்றுவார்? கோழி வளர்க்கலாம், மாடு கட்டலாம், மேய விட நிலம் யாருடையது? சத்து என்பது உலர் உணவுப் பொதிக்குள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன் விளைவு.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தீவு தாய்மாரை மறந்த நாடல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீட்டுக்கு வீடு நடந்து சென்று கர்ப்பவதியைப் பெயர் சொல்லி அறியும் குடும்பநல மாது என்ற ஓர் அரும் பதவியை நாம் கட்டியெழுப்பினோம். 1930களில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்த நாட்டில் இன்று அந்த எண் நாற்பதுக்கும் கீழே நிற்கிறது. இந்தச் சாதனையைப் பெரிய மருத்துவமனைகளின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. சைக்கிளில் வந்த ஒரு பெண், அட்டையைப் பார்த்து, "தங்கச்சி, போன மாதம் குளிசை ஒழுங்காகப் போட்டனீங்களோ?" என்று கேட்டதன் சாதனையும் அது. கேள்வியில் போன மாதம் இருக்கிறது. கேட்டவள் வரும் மாதமும் வருவாள் என்பது சொல்லாமலே அதில் அடங்கியிருக்கிறது. போர்க்காலத்திலும் இந்தப் பெண்கள் பலர் தங்கள் பகுதியை விட்டுப் போகவில்லை. ஒரே அரசு ஒரு கையால் எறிகணை அனுப்பிக்கொண்டு மறுகையால் இரும்புக் குளிசையும் அனுப்பிக்கொண்டிருந்த முரணை நாம் எந்தத் தத்துவத்தில் வைத்துப் புரிந்துகொள்வது? எனக்கு விடை தெரியாது. குளிசை கொண்டுவந்த கை மற்றக் கையை மன்னிக்க வைக்காது, ஆனால் அந்தக் கையையும் இல்லையென்று சொல்ல முடியாது.

1995இல் போலியோ ஒழிப்பு நாட்கள் தொடங்கியபோது இரு தரப்பும் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கியைத் தாழ்த்தின. ஒரு நாள் போர் நின்றது, குழந்தையின் நாவில் இரண்டு துளி விழுந்தது. மனித வரலாற்றில் பெருமைப்படத் தக்க நாட்கள் அவை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் சாப்பாட்டுத் தட்டுக்காகப் போர் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் தெளிவு. சொட்டு மருந்துக்கு ஒரு நாள் போதும். அவளுடைய தட்டுக்கு ஒரு நாள் போர் நிறுத்தம் எதையும் செய்யாது. அவள் பொருட்டு நிறுத்துவதானால் நாற்பது வாரம் நிறுத்த வேண்டும். பாலூட்டும் காலத்தையும் சேர்த்தால் அதைவிடக் கூட. அப்படி நிறுத்தத் தெரிந்தவர்களுக்குப் பிறகு போரைத் தொடங்கவும் தோன்றாது.

முகாம்களுக்குத் திரிபோஷா வந்தது. 1973 முதல் கர்ப்பவதிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு கொடுத்துவரும் சோளம், சோயா கலந்த சத்துமா. நல்ல திட்டம், நம்மில் எத்தனையோ பேர் அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டையாகத் தின்று வளர்ந்தவர்கள். அப்படித் தின்ற நினைவிலேயே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. நாம் தின்றது பெரும்பாலும் அம்மாவுக்கு வந்த பொதியை. தாயின் பெயரில் வந்த மாவை மூத்த பிள்ளைகள் உண்பதை ஒவ்வொரு கிளினிக்கும் அறியும், அறிந்து கண்டிக்கவும் செய்யும். பசித்த பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, பிறக்காத பிள்ளைக்காகத் தானே உண்ணும்படி ஒரு தாயிடம் சொல்வது எளிதல்ல. பொதியில் யாருடைய பெயரை எழுதினாலும் அது சட்டிக்குள் விழுந்ததும் பெயர் அழிந்துவிடும். ஒரு வீட்டில் ஒருத்தியின் பசியை மட்டும் தனியே தீர்த்துவிட வழியில்லை.

அவள் பங்கிட்டுக் கொடுப்பதை நாம் தியாகம் என்று போற்றுகிறோம். போற்றுவதில் பிழையில்லை. ஆனால் அந்தப் போற்றுதலுக்குள் ஒரு வசதியும் இருக்கிறது, அது நமக்கானது. உடல் தன் குறையைத் தானே ஈடுசெய்யப் பார்க்கும். எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும், சேமிப்பிலிருந்து இரும்பை எடுக்கும், தசையைக் கரைக்கும். குழந்தை ஓரளவு எடையோடு பிறந்துவிட்டால், எல்லாம் சரியாக நடந்தது என்று நாம் கணக்கை மூடிவிடுகிறோம். யாரிடமிருந்து எடுத்துச் செலவு நடந்தது என்று கேட்பதில்லை. அடுத்த கர்ப்பம் அந்தக் கடனோடுதான் தொடங்குகிறது. பிரசவத்தில் சாதாரணமாக ஏற்படும் குருதிப்போக்கு, சோகை பிடித்த ஒருத்தியைக் கொண்டுபோய்விடுவது இந்தக் கடனால்தான். அன்றைக்கும் நாம் விதி என்போம், அல்லது பிந்திக் கொண்டுவந்தார்கள் என்போம். பிந்தியது பல மாதங்களுக்கு முன்பே.

எடை சரியாக இருந்தால் கணக்கு முடிந்தது என்று எண்ணுவதே பிழை என்பதை உலகம் ஒரு கசப்பான வழியில் கற்றது. 1944 இறுதியிலும் 1945 தொடக்கத்திலும் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி முற்றுகையில் சிக்கியது. நாளொன்றுக்கு ஒருவருக்குக் கிடைத்த பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே போயிற்று. மே மாதம் விடுதலை வந்தது, உணவு வந்தது, பஞ்சம் முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் ஆராய்ந்தபோது, அவர்களிடம் நீரிழிவின் அறிகுறிகளும், கருவின் ஆரம்ப மாதங்களில் பட்டினி கண்டவர்களிடம் இதய நோயும் அதிகமாக இருந்தன. அந்த ஆரம்ப மாதத்துக்காரர்கள் பிறக்கும்போது எடை குறையாமலே பிறந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, செல்வமும் மருத்துவமும் நிறைந்த ஒரு நாட்டில், எப்போதோ முடிந்த ஒரு பஞ்சம் அவர்களுக்குள் முடியாமலே இருந்தது. 2006இல் வாகரையில் கருவில் இருந்தவர்களுக்கு இன்னும் இருபது வயதளவே. அவர்களை யார் பின்தொடர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே நம் சிந்தனை சற்று மேலே ஏறியாக வேண்டும். நீதி என்பதை நாம் பெரும்பாலும் ஒரு பகிர்வாகவே கற்பனை செய்கிறோம்: இருப்பதை, இருப்பவர்களுக்கு, இன்று, சமமாகப் பிரிப்பது. கர்ப்பவதியான ஓர் அகதிப் பெண் நம் முன்னே வந்து நிற்கும்போது இந்தக் கற்பனை போதாமல் போகிறது. ஏனென்றால் அவள் கேட்பதில் ஒரு பாகம் இன்னும் இல்லாத ஒருவருக்குரியது, இன்னும் வராத மாதங்களுக்குரியது, அந்த மாதங்கள் அவளுக்கு எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ், எந்தக் குடும்பநல மாதின் பதிவேட்டில் வாய்க்கும் என்பதை அவளாலோ நம்மாலோ இன்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கக்கூடியது பொருள் மட்டுமல்ல, பொருளின் வழியாக ஒரு வாக்குறுதி: நீ எங்கே இருந்தாலும் அடுத்த மாதமும் இது வரும், அதற்கடுத்த மாதமும் வரும், உன் பிள்ளை உட்காரும் நாளிலும் வரும். வாக்குறுதியில்லாத உணவு பசியை ஆற்றும். ஆனால் நாளை கிடைக்குமோ என்ற அச்சத்தில் இன்றைய பங்கைப் பதுக்குகிறவள், பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுக்கிறவள், சத்துமாவை விற்று அரிசி வாங்குகிறவள், இவர்கள் யாரும் அறியாமையால் அப்படிச் செய்வதில்லை, நாளையை நம்ப முடியாத நிலையில் நியாயமான கணக்கையே போடுகிறார்கள். எனவே ஓர் உயிருக்கு நாம் கடமைப்படுவது அது பிறந்து அட்டையில் ஏறும் நாளில் தொடங்குவதாக இருக்க முடியாது. அதற்கு முன்பே, அதைச் சுமப்பவள் வரும் மாதத்தை அச்சமின்றி நினைக்கக்கூடிய நிலையை உண்டாக்குவதில் அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது, அவளுடைய குடியுரிமையோ மொழியோ எந்தத் தரப்பின் பிரதேசத்திலிருந்து வந்தாள் என்பதோ அதில் குறுக்கிட இடமில்லை.

சொல்வது சுலபம். 2024 டிசம்பரில் இந்தக் கருத்து நம் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது. முள்ளிவாய்க்கால் கரையோரம் தத்தளித்த ஒரு படகில் மியன்மாரிலிருந்து வந்த ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அஷ்ரப் இறங்குதுறையில் இறக்கியது. பெண்களும் சிறு குழந்தைகளும் பலர். ஜமாலியா முஸ்லிம் வித்தியாலயத்தில் தங்கவைத்தபோது ஊர் மக்கள் சோறும் துணியும் கொண்டுபோனார்கள். 1990இல் இதே மாவட்டத்திலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களின் உறவினரும் அந்த ஊர் மக்களுக்குள் இருந்திருப்பார்கள். சோறு கொடுப்பதில் நம்மவர் குறை வைக்கமாட்டார்கள், வைக்கவுமில்லை. பிறகு அந்த மக்கள் முல்லைத்தீவு, கேப்பாப்புலவு விமானப்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டார்கள். முதல் நாளின் சோற்றுக்கு இந்தச் சமூகத்தில் எப்போதும் ஆள் உண்டு. ஆனால் ஒரு கர்ப்பவதி துறைமுகத்தில் ஒரு வைத்தியரையும், தடுப்பு முகாமில் இன்னொருவரையும், மொழி தெரியாமல் இருவரையும் சைகையால் சந்திக்க நேரும்போது, அவளுடைய எடை போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று யாருக்குத் தெரியும்?

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் மூதூர், கிண்ணியாப் பெண்களின் நிலை இதன் மறுபக்கம். கிளம்புவதற்கு முன் கருவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்குள் கரு உண்டானால் வேலை போகும். அவளுடைய காலம் முழுவதும் விலைபேசப்பட்டுவிட்டதால் வயிற்றுக்கென்று ஒரு காலம் மிச்சமில்லை. 

பணமும் பொறிமுறையும் இல்லாத அரசு நீண்ட காலத்தை நினைக்க முடியாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். 2022இல் உணவு விலை ஓராண்டில் ஏறத்தாழ இரட்டித்தபோது அந்தச் சமாதானம் உண்மை போலவே தோன்றியது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, திரிபோஷா வராத மாதங்கள் இருந்தன, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டுகளில் போய் இறங்கின. குண்டு விழாமலே அகதியாகலாம் என்று அந்த ஆண்டு நமக்குக் காட்டியது. ஆனால் அரசுக்கு நீண்ட காலம் தெரியாது என்பதை மட்டும் சம்பூர் மறுக்கிறது. அந்த ஊர் மக்கள் மரத்தடியில் கிடந்த 2006ஆம் ஆண்டிலேயே, அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுப்ப இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்துடன் உடன்பாடு எழுதப்பட்டது. மின் தேவை இன்னும் பல பத்தாண்டுகளில் எப்படி வளரும், நிலக்கரி எந்த வழியாக வரும் என்றெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்கள் கொழும்பிலிருந்தபடியே அதன் பணியைத் தொடக்கி வைத்தார்கள்.

சம்பூருக்குத் திரும்பிப் போனவர்கள் கண்டது இடிக்கப்பட்ட வீடுகளையும் தூர்ந்த கிணறுகளையும். அவர்கள் கிணற்றை இறைத்தார்கள், கம்பு ஊன்றினார்கள், மாடு வாங்கக் கடன் கேட்டார்கள். மின்நிலையத்துக்குப் பல பத்தாண்டுகளை முன்கூட்டி எண்ணிய மேசைகளில், மூதூர் கிழக்கில் ஒரு குடும்பநல மாதின் இடம் வெற்றிடமானால் எத்தனை நாளுக்குள் நிரப்பப்படும், வெள்ளம் வந்து மக்களைப் பாடசாலைக்கு மாற்றினால் கர்ப்பவதிகளின் பதிவேட்டை யார் எடுத்துச் செல்வார், முகாமுக்குப் போன ரோகிங்கியப் பெண்ணின் அட்டை எந்த மொழியில் எழுதப்படும் என்ற சிறு கணக்குகளும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். இவை எதற்கும் மெகாவாட் அளவில் பணம் வேண்டாம். அந்தக் கணக்கை எழுதும்படி, அடுத்த பிரதேச சபைக் கூட்டத்திலிருந்து தொடங்கி, நாம்தான் கேட்க வேண்டும்.